தண்டவாளத்தில் முளைத்த காடு

பேர்லினுக்குப் போகும் எங்கள் ஆட்கள் பெரும்பாலும் மூன்று இடங்களைப் பார்த்துவிட்டுத் திரும்புவார்கள்: பிராண்டன்பேர்க் வாயில், மதிலின் மிச்சத் துண்டு, பிரிட்ஸ் பகுதியிலுள்ள மயூரபதி முருகன் கோயில். நாங்களும் அப்படித்தான் பல தடவை போய் வந்தோம். சென்ற மே மாதம் அங்கு படிக்கும் மகளைப் பார்க்கப் போனபோது, "அப்பா, இந்த முறை ஒரு காட்டுக்குப் போவம், நுழைவுச் சீட்டு ஒரு யூரோதான்" என்றாள். கணக்காளனுக்கு அந்த விலை பிடித்துக்கொண்டது. நான், மனைவி, மனைவியின் தமையன், மகள் என நால்வரும் எஸ் 2 நகரத் தொடருந்தில் ஏறி, பிறீஸ்டர்வேக் நிலையத்தில் இறங்கினோம். நிலையத்தின் வாசலிலேயே காடு தொடங்குகிறது.

அதன் பெயர் ஷோனெபேர்க் சூட்கெலெண்டே இயற்கைப் பூங்கா. பரப்பளவு ஏறக்குறைய 18 ஹெக்டேயர். எங்கள் ஊர்க் கணக்கில் சொன்னால் சுமார் 700 பரப்புக் காணி. நகரத்தின் நடுவில் இவ்வளவு நிலம் எப்படிக் காடாயிற்று என்பதை அறிந்தபோது, எங்களுடைய சொந்தக் கதையின் ஒரு நூலும் அதற்குள் ஓடுவதைக் கண்டேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

காடு வந்த வழி

இந்த நிலம் ஒரு காலத்தில் டெம்பல்ஹோப் சரக்குப் பெட்டிகளைப் பிரித்து அடுக்கும் நிலையமாக இருந்தது. 1889 இல் இயங்கத் தொடங்கியது. அன்ஹால்டர் பாதைக்கும் டிரெஸ்டன் பாதைக்கும் நடுவில், தெற்கிலிருந்து வரும் சரக்குகளெல்லாம் இங்கேதான் பிரிக்கப்பட்டன. எஞ்சின் கொட்டகை, எஞ்சினைத் திருப்பும் வட்ட மேடை, 1927 இல் கட்டிய 50 மீற்றர் உயரத் தண்ணீர்க் கோபுரம் என எல்லாம் இருந்தன. அவை இன்றும் நிற்கின்றன.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் பேர்லின் நான்கு வல்லரசுகளின் கையில் பிரிந்தது. ஆனால் புகையிரதத்தைப் பிரிக்கவில்லை. நகரம் முழுவதற்கும் ரைக்ஸ்பான் நிறுவனமே தொடருந்து ஓட்டும் என்று நேச நாடுகள் விட்டுவிட்டன. பின்னர் அந்த நிறுவனம் கிழக்கு ஜேர்மனியின் அரச நிறுவனமாயிற்று. ஆகவே மேற்கு பேர்லினின் நடுவில் கிடந்த தண்டவாளங்களை நடத்தும் உரிமை கிழக்கிடம் இருந்தது. அங்கே மேற்கு பேர்லின் நிர்வாகம் தன் விருப்பப்படி எதையும் செய்ய முடியாது. கிழக்குக்கோ அங்கே செலவழிக்க விருப்பமில்லை. 1952 இல் அன்ஹால்டர் நிலையம் மூடப்பட்டது, இந்தச் சரக்கு நிலையத்தின் வேலையும் நின்றது.

ஒருவரும் கட்டவில்லை, ஒருவரும் விற்கவில்லை, ஒருவரும் துப்பரவு செய்யவுமில்லை. காற்றில் வந்த பேர்ச் விதைகள் கருங்கல் சரளைக்குள் விழுந்தன. முன்பு சரக்குப் பெட்டிகளோடு வந்து உதிர்ந்த தூர தேசத்து விதைகளும் கிடந்தன. முதலில் புல், பிறகு பற்றை, பிறகு மரம். 1981 க்கும் 1991 க்கும் இடைப்பட்ட பத்து ஆண்டுகளில் மட்டும் மரங்கள் மூடிய பரப்பு ஏறக்குறைய இரட்டிப்பானது.

1970களின் இறுதியில் மேற்கு பேர்லின் நிர்வாகம் இங்கே பெரிய சரக்கு நிலையம் ஒன்றைத் திரும்பக் கட்டத் திட்டமிட்டது. மரங்களெல்லாம் விழவேண்டி வரும் என்றதும் அக்கம்பக்கத்து மக்கள் 1980 இல் ஒரு குடிமக்கள் குழுவை அமைத்து எதிர்த்தார்கள். வெறும் கோஷத்தோடு நிற்காமல், தாவரவியல் அறிஞர்களின் ஆய்வுகளைக் கையில் வைத்துக்கொண்டு வாதாடினார்கள். இந்த இழுபறியிலேயே ஆண்டுகள் போயின. 1990 இல் இரு ஜேர்மனிகளும் இணைந்ததும் அந்தத் திட்டத்துக்குத் தேவையே இல்லாமல் போயிற்று.

பிறகு நடந்தது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஜேர்மனியின் இயற்கைப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, ஓரிடத்தில் கட்டுமானத்தால் இயற்கையை அழிப்பவர் இன்னோரிடத்தில் அதற்கு ஈடு செய்யவேண்டும். தொடருந்து நிறுவனம் பேர்லினின் வேறு பகுதிகளில் புதிய பாதைகள் போட்டதற்கு ஈடாக, 1990களின் நடுப்பகுதியில் இந்த நிலம் நகரத்துக்குக் கைமாறியது. வணிகமாணி வகுப்பில் படித்த இரட்டைப் பதிவுதான் இது: ஒரு பக்கத்தில் எழுதினால் மறுபக்கத்திலும் எழுதியாகவேண்டும். 1999 இல் நிலம் சட்டப்படி பாதுகாக்கப்பட்டது. 2000 ஆம் ஆண்டு மே மாதம் பூங்கா மக்களுக்குத் திறக்கப்பட்டது.

எங்கள் நூல்

காட்டுக்குள் நடந்துகொண்டிருந்தபோது மச்சான் ரைக்ஸ்பான் என்ற பெயரைத் தகவல் பலகையில் வாசித்துவிட்டு நின்றார்.

"உவங்கட ஸ்டேசனாலதான் நான் வந்தனான்" என்றார்.

அவர் 1985 இன் தொடக்கத்தில் வந்தவர். அந்த வழியில் வந்த பலர் இன்று பேரப்பிள்ளைகளோடு இருக்கிறார்கள். ஆனால் பிள்ளைகளுக்கு அந்த வழி எப்படித் திறந்திருந்தது என்று தெரியாது. விமானம் மொஸ்கோ வழியாகக் கிழக்கு பேர்லினின் ஷோனபெல்ட் விமான நிலையத்தில் இறக்கும். கிழக்கு ஜேர்மனி கடந்து செல்லும் விசா கொடுக்கும். அங்கிருந்து பிறீட்றிக்ஸ்ட்ராஸ நிலையத்துக்குக் கொண்டுபோவார்கள். அதே நிலையத்திலிருந்து மேற்கு பேர்லினுக்கு நகரத் தொடருந்து போகும். மேற்குப் பக்கத்தில் கடவுச்சீட்டுப் பார்ப்பதற்கு ஆள் இல்லை. காரணம், பேர்லினை இரண்டாகப் பிரிக்கும் கோட்டை மேற்கு ஒரு நாட்டு எல்லையாக ஏற்கவில்லை. எல்லை இல்லை என்று சொல்பவர் அங்கே எல்லைப் பரிசோதனை வைக்க முடியாது. 1985 ஜூலையில், மேற்குக்குப் போக விசா இல்லாத இலங்கையருக்குக் கடந்து செல்லும் அனுமதி இல்லை என்று கிழக்கு ஜேர்மனி அறிவித்ததோடு அந்த வழி எங்களுக்கு ஒடுங்கிவிட்டது.

நகரத்தின் நிலை முடிவாகாமல் கிடந்ததால் இந்த நிலத்துக்கு ஒருவரும் உரிய ஆளாக வரவில்லை, காடு வளர்ந்தது. அதே முடிவாகாத நிலையால் பிறீட்றிக்ஸ்ட்ராஸவில் எங்கள் பொடியள் இறங்கி நடந்தார்கள். இரண்டும் ஒரே முடிச்சின் இரண்டு நுனிகள்.

இன்னொரு விடயமும் உண்டு. மதிலால் சூழப்பட்ட மேற்கு பேர்லினின் தாவரவியல் அறிஞர்கள் நாட்டுப்புறத்துக்கு இலகுவாகப் போய் ஆராய முடியவில்லை. ஆகவே தங்கள் நகரத்திலேயே குண்டு விழுந்த வெறும் காணிகளையும் கைவிட்ட தண்டவாளங்களையும் ஆராயத் தொடங்கினார்கள். தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஹேர்பேர்ட் சுக்கோப் அதில் முன்னோடி. நகரச் சூழலியல் என்ற துறை வளர்ந்ததில் அந்த அடைபட்ட நகரத்துக்குப் பெரும் பங்கு இருக்கிறது. அகதி முகாமிலிருந்து பக்கத்து நகரத்துக்குப் போகவும் அனுமதி கேட்கவேண்டியிருந்த நாட்களில், முகாம் வேலியோரத்துக் கீரையை அடையாளம் கண்டு பிடுங்கிச் சமைத்த எங்களுக்கு இது புரியாததல்ல.

நான்காவது வகை இயற்கை

அதே பல்கலைக்கழகத்தின் இங்கோ கோவாரிக் என்ற சூழலியலாளர் இயற்கையை நான்காக வகுத்தார். எங்கள் ஊரை வைத்து விளங்கிக்கொள்வது இலகு. முதலாவது, மனிதர் கைபடாத பழங்காட்டின் மிச்சம். சிங்கராஜாக் காடு போல. இரண்டாவது, கமமும் மேய்ச்சலும் உருவாக்கிய இயற்கை, வயலும் வரம்பும். மூன்றாவது, அழகுக்காக நட்டு வளர்த்தது; பேராதனைப் பூங்கா. நான்காவது, மனிதர் கட்டிப் பாவித்துக் கைவிட்ட இடத்தில் தானாக முளைப்பது. தொழிற்சாலை நிலம், இடிபாடு, தண்டவாளம். இந்த நான்காவதையும் குப்பை என்று தள்ளாமல் இயற்கை என்றே மதிக்கவேண்டும் என்பது அவர் வாதம்.

சூட்கெலெண்டேயில் 350 க்கும் மேற்பட்ட தாவர இனங்களும் 90 க்கும் மேற்பட்ட காட்டுத் தேனீ இனங்களும் பதிவாகியுள்ளன. சரளை நிலம் வறண்டது, சத்துக் குறைந்தது, வெயிலில் நன்றாகச் சூடாகும். வளமான மண்ணில் பலசாலிச் செடிகள் மற்றவற்றை அமுக்கிவிடும். ஏழை மண்ணில் அப்படி ஒன்று தனியே ஆள முடியாது. அதனால் பல வகைகள் ஒன்றாகப் பிழைக்கின்றன.

நாங்கள் போனபோது ரொபீனியா மரம் வெள்ளைக் கொத்துக் கொத்தாகப் பூத்திருந்தது. வாசம் முருங்கைப்பூவையும் மல்லிகையையும் கலந்தது போல எனக்குப் பட்டது. இது வட அமெரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட மரம். அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. வேரிலுள்ள நுண்ணுயிர்களின் துணையோடு காற்றிலுள்ள நைதரசனை மண்ணில் சேர்க்கும். அதனால்தான் சரளையிலும் செழிக்கிறது. ஊரில் கைவிட்ட வளவுகளில் இப்பிலிப்பில் எப்படி ஏறுகிறதோ அப்படி. அதுவும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது, அதுவும் அவரைக் குடும்பம். ரொபீனியாவின் பட்டையும் விதையும் நச்சுத்தன்மை உள்ளவை. சின்னப் பிள்ளைகள் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

விட்டுவிடுவதும் ஒரு வேலை

பூங்காவுக்குள் போகும்வரை, ஒன்றும் செய்யாமல் விட்டதால் வந்த காடு என்றுதான் நினைத்திருந்தேன். பாதி சரி. முழுதாக விட்டிருந்தால் இன்று எங்கும் மரம்தான் இருக்கும். தேனீக்களுக்கும் வெட்டுக்கிளிகளுக்கும் வேண்டிய வறண்ட புல்வெளிகள் மரநிழலில் செத்திருக்கும். ஆகவே பொறுப்பெடுத்தவர்கள் நிலத்தை மூன்றாகப் பிரித்தார்கள். வெளிகள்: இங்கே புல்லை வெட்டி, ஆடுகளை மேயவிட்டு, மரம் ஏறாமல் பார்க்கிறார்கள். தோப்புகள்: மரங்கள் ஐதாக நிற்க, வெளிச்சம் விழும்படி பேணுகிறார்கள். காடு: இங்கே கை வைப்பதில்லை, விழுந்த மரம் விழுந்தபடி உக்கும்.

மையத்திலுள்ள இயற்கைக் காப்பகப் பகுதியில் மண்ணில் கால் வைக்க அனுமதியில்லை. பழைய தண்டவாளங்களுக்கு மேலாக, நிலத்திலிருந்து சற்று உயர்த்தி, இரும்புச் சட்டப் பாதை போட்டிருக்கிறார்கள். ஓடியுஸ் என்ற சிற்பக் குழுவின் வேலை அது. கால்களுக்குக் கீழே தண்டவாளம் தெரியும், இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே பேர்ச் மரம் நிற்கும்.

அந்த இடத்தில் மனைவி நின்றுவிட்டாள்.

அவளுடைய வீடு மாவிட்டபுரம் பக்கம். காங்கேசன்துறைக் கோச்சியின் சத்தம் கேட்கும் தூரம். 1990 ஜூனில் யாழ்தேவியும் நின்றது, அவர்களும் வெளிக்கிட்டார்கள். அந்தப் பாதையின் தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் இரு தரப்பினதும் பங்கர்களுக்குப் போயின. பாதை இருந்த வரம்பில் பற்றை மூடியது. யாழ்ப்பாணத்துக்கு 2014 இலும் காங்கேசன்துறைக்கு 2015 இலும் தொடருந்து திரும்ப வந்தது. ஆனால் வலிகாமம் வடக்கில் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போன காணிகள் துண்டு துண்டாகத்தான் விடுபட்டன, இன்னும் முழுதாக விடுபடவில்லை. அவர்களுடைய காணி விடுபட்ட பின் நாங்கள் போய்ப் பார்த்தபோது வீட்டின் நடுவறையில் ஒரு மரம் நின்றது. நிலத்துச் சீமெந்தை உடைத்துக்கொண்டு, கூரை இல்லாத சுவர்களுக்கு மேலாகப் போயிருந்தது. கிணற்றைத் தேடிப் பிடிக்க அரை நாள் சென்றது.

மகளுக்கு இந்தக் கதை தெரியும், ஆனால் அந்தக் காட்சி தெரியாது. பேர்ச் மரத்தைக் காட்டி, "அம்மா, உங்கட காணியையும் இப்பிடியே விட்டா என்ன? எவ்வளவு வடிவா இருக்கு" என்று கேட்டாள். குத்தலாகக் கேட்கவில்லை. அந்தக் காணியை விற்பதா, துப்பரவாக்குவதா என்று எங்கள் வீட்டில் சில ஆண்டுகளாகப் பேச்சு நடக்கிறது. விற்கச் சொல்பவர்களில் நானும் ஒருவன். மூன்று நாடுகளில் இருக்கும் ஐந்து சகோதரர்களின் பெயரில் கிடக்கும் காணி, வருமானம் இல்லை, துப்பரவுக்குச் செலவு மட்டும். ஐந்தொகையில் அதை எப்படிப் பதிவழிப்பது என்றுதான் என் புத்தி போகும்.

மனைவி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னாள்: "இஞ்ச றெயில்தான் நிண்டது பிள்ளை. சனம் இருக்கேல்லை. அங்க நாங்கள் இருந்தனாங்கள்."

இந்த வேறுபாட்டை எந்தச் சூழலியல் புத்தகமும் எனக்கு இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை. சூட்கெலெண்டேயில் காடு வளர்ந்தபோது எவருடைய அடுப்படியும் அதற்குள் போகவில்லை. அதோடு, அந்தக் காடு இருக்கவேண்டும் என்று முடிவெடுத்தவர்கள் அதன் அருகில் வாழ்ந்த மக்கள். அவர்களுக்குக் குழு அமைக்க முடிந்தது, ஆய்வு கேட்க முடிந்தது, அரசோடு வாதாட முடிந்தது. வலிகாமத்தில் வளர்ந்த காட்டைப் பற்றி அந்த மண்ணின் ஆட்களை ஒருவரும் கேட்கவில்லை. மரம் இரண்டு இடத்திலும் ஒரே மாதிரித்தான் வளர்கிறது. அதைச் சுற்றியிருந்த நீதிதான் வேறு.

இரும்புப் பாதையின் முடிவில் ஒரு வாங்கில் இருந்து கொண்டுபோன பணிசையும் தேத்தண்ணியையும் எடுத்தோம். பக்கத்துப் பாதையில் கடுகதித் தொடருந்து ஒன்று தெற்கே போனது. அது போனபின் பற்றைக்குள் நைட்டிங்கேல் பாடியது. பேர்லின் அந்தப் பறவைக்குப் பேர்போன நகரம். ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் வரை பகலிலும் கேட்கலாம்.

அப்போது மனைவிதான் பேச்சைத் திரும்ப எடுத்தாள். வீட்டடியும் கிணற்றடியும் துப்பரவாக்கவேண்டும், படலையிலிருந்து வீட்டுக்குப் பாதை வேண்டும், பின் வளவில் பனையும் வேம்பும் நிற்கிற துண்டை அப்படியே விடலாம் என்றாள். இப்பிலிப்பிலை மட்டும் வேரோடு எடுக்கவேண்டுமாம். வெளி, தோப்பு, காடு என்ற அதே மூன்று பிரிவு. அவள் தகவல் பலகையை வாசித்திருக்கவில்லை. மச்சான், "அப்ப விக்கிறேல்லை எண்ட முடிவோ?" என்று என்னைப் பார்த்தார். துப்பரவுக்கு என்ன செலவு வரும் என்று கேட்டுப் பார்ப்போம் என்றேன். விற்பனை பற்றி நான் அதற்குப் பிறகு கதைக்கவில்லை.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள்

காலை 9 மணிக்குத் திறந்து, இருட்டும் நேரத்தில் மூடுவார்கள். சீட்டு வாசலிலுள்ள இயந்திரத்தில். நாங்கள் போனபோது ஒரு யூரோ, 14 வயதுக்குட்பட்டோருக்கு இலவசம். சில்லறைக் காசு கையில் இருக்கட்டும். நாய்களையும் சைக்கிளையும் உள்ளே கொண்டுபோக முடியாது. நிதானமாக நடந்தால் ஒன்றரை மணி நேரம் போதும். பழைய நீராவி எஞ்சின் ஒன்றும் எஞ்சினைத் திருப்பும் வட்ட மேடையும் சின்னப் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். இளையவர்களுக்கு, குறித்த நேரங்களில் சட்டப்படி வண்ணம் விசிறி ஓவியம் வரைய அனுமதியுள்ள சுவர்களும் இருக்கின்றன. பழங்களோ பூவோ பறிக்கவேண்டாம். ஊர்ப் பழக்கத்தில் கை போகும், அடக்கிக்கொள்ளுங்கள்.

பேர்லின் தூரம் என்பவர்களுக்கு, எங்கள் ஆட்கள் அதிகம் வாழும் ரூர் பகுதியிலேயே இதன் உறவுக்காரர்கள் இருக்கிறார்கள். டூயிஸ்பேர்க் வடக்கு நிலவுருப் பூங்கா, 1985 இல் மூடிய இரும்பாலையின் நிலம். கட்டணம் இல்லை. கெல்சன்கிர்ஹனில் ரைன்எல்பே நிலக்கரிச் சுரங்கத்தின் நிலத்தில் வளர்ந்த காட்டையும் வனத்துறை தானாக வளரவிட்டுப் பார்த்துவருகிறது. அதன் கழிவு மேட்டில் ஏறினால் ரூர் பகுதியில் கன தூரம் தெரியும். ஹம் அம்மன் கோயிலுக்குப் போகிற நாளில் காலையோ மாலையோ ஒரு நடை போட்டு வரலாம்.

பெரியவர்களையும் கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கள். தகவல் பலகையைப் பிள்ளைகள் வாசித்து மொழிபெயர்க்கட்டும். மச்சான் நாற்பது ஆண்டாகச் சொல்லாத பயணக் கதையை அந்த வாங்கில் இருந்துதான் மருமகளுக்கு முழுதாகச் சொன்னார். ஷோனபெல்டில் இறங்கியபோது காலில் செருப்பு, வெளியில் பனி, பையில் ஒரு சாரமும் ஒரு சேட்டும். அவள் அதைக் கைப்பேசியில் பதிந்து வைத்திருக்கிறாள்.

வருகிற ஆடியில் ஊருக்குப் போகிறோம். முதல் வேலை கிணறு இறைப்பது.